இல்லாத பத்துப் படங்கள்

அன்னப்பூரணி அந்தப் பட்டியலை எழுத மூன்று நாள் எடுத்தாள். அதைக் களவெடுக்க அவளுடைய சின்னம்மா மகள் இராசாத்திக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. களவென்றால் கதவை உடைத்துச் செய்த களவில்லை. "குடுகா அக்கா, நான் அந்தப் பக்கம்தான் போறன், குடுத்துட்டு வாறன்" என்று சிரித்துக்கொண்டு வாங்கிப்போன களவு. அதை நினைத்தால் அன்னப்பூரணிக்கு இன்றைக்கும் வயிறு பற்றி எரியும்.

விசயம் இதுதான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி மாதம், செங்கலடிச் சந்திக்குப் பின்னால் குடியிருந்த ஆச்சிப்பிள்ளை மாமிக்கு அவளுடைய தம்பி மகன் இராசதுரை பிரான்சிலிருந்து கடிதம் போட்டிருந்தான். கலியாணம் கட்ட வேண்டும், ஊர்ப் பெண்தான் வேண்டும், சாதகத்தில் நம்பிக்கை இல்லை, சீதனமும் வேண்டாம். விருப்பமுள்ள பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பத்துப் படமும் ஐந்து நடிகர்களும் யார் யார் என்று எழுதி, ஏன் பிடிக்கும் என்று ஆளுக்கொரு வரியும் எழுதி அனுப்பட்டும், ஒரு மனிசரை அறிய அது போதும் என்றிருந்தான். தெரு முழுக்கச் சிரித்தது. "இவனுக்கு அங்கத்தப் பனி மண்டைக்குள்ள போயிட்டு" என்று மாமியே சொன்னாள்.

அன்னப்பூரணி சிரிக்கவில்லை. அவளுக்கு முப்பத்தொரு வயது. தையல் மெசினில் குனிந்து குனிந்து முதுகு வளைந்துகொண்டிருந்தது. தொண்ணூறாம் ஆண்டு வாழைச்சேனைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வந்த சம்பந்தங்கள் எல்லாம் வாசல் படலையோடு திரும்பிப் போயின. அவளுக்கென்று இருந்த ஒரே சந்தோசம் படம். கலியாண வீடு, சாமத்திய வீடு, எங்கே படம் போடும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு வந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பாயில் இடம் பிடிப்பாள். மற்றவர்கள் கதாநாயகனுக்கு விசிலடிக்கும்போது இவள் பின்னால் நிற்கிறவர்களைப் பார்ப்பாள். பார்த்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள்.

படத்தைப் பற்றி ஒருவன் கேட்கிறான்! நிறம் என்ன, வயது என்ன, வளவு எத்தனை என்று கேட்காமல் படம் என்ன என்று கேட்கிறான். அன்றிரவே கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். ஐந்து நடிகர்களில் ஒருவர்கூடக் கதாநாயகனோ கதாநாயகியோ இல்லை. முதலாவதாக எழுதியது பெயரே தெரியாத ஒருத்தியை. "எல்லாப் படத்திலும் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிற வேலைக்காரி இவ. வசனம் இல்லை. ஆனால் வாசலைத் தாண்டும்போது காதை மட்டும் அறைக்குள்ளே விட்டுவிட்டுப் போவா." அதை எழுதிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அந்தத் தாளைத்தான் இராசாத்தி வாங்கிப் போனாள். இருபத்துநாலு வயது, வடிவான முகம், படம் போட்டால் பெயரெழுத்து ஓடி முடியுமுன் நித்திரையாகிவிடுகிற பிறவி. சும்மா சொல்லக் கூடாது, அவளுக்குப் படமும் தெரியாது, நடிகரும் தெரியாது. பார்த்து எழுத மட்டும் தெரிந்திருந்தது.

வைகாசியில் பதில் வந்தது. மாமி வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பெண்கள் இருக்க, மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தாள். தைத்த சட்டையைக் கொடுக்க வந்த அன்னப்பூரணி தூணோடு நின்று கேட்டாள். "அந்தத் தேத்தண்ணிக்காரியைப் பற்றி எழுதியிருந்தீர்களே இராசாத்தி, காதை மட்டும் அறைக்குள்ளே விட்டுவிட்டுப் போவா என்று. அந்த ஒரு வரிக்காகவே உங்களைக் கட்டலாம்."

அவளுடைய வரி! அவளுடைய சொந்த வரி, மாமியின் வாயால், இன்னொருத்தியின் பெயரோடு! அன்னப்பூரணி இராசாத்தியைப் பார்த்தாள். இராசாத்தி நிலத்தைப் பார்த்தாள்.

"நீ கலியாணமே வேணாமெண்டுட்டியாமே புள்ள" என்றாள் மாமி, கண்ணாடியைக் கழற்றியபடி. "இராசாத்தி சொன்னாள். என்னத்துக்குகா அப்பிடி?"

என்ன சொல்வது? அது என்னுடையது என்றால், முப்பத்தொரு வயதுக் குமருக்குத் தங்கச்சியின் மேல் பொறாமை என்று அந்த ஏழெட்டு வாயும் ஏறாவூர் வரைக்கும் கொண்டுபோகும். "ஓம் மாமி, எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கிணற்றடியில் பிடித்துக் கேட்டபோது இராசாத்தி அழுதாள். அழுதுகொண்டே சொன்னதுதான் பெரிய கொடுமை. "உனக்கெண்டா எழுத வரும்கா. இன்னும் பத்து எழுதுவாய். எனக்கு ஒண்டும் வராதே. இந்த ஆமிக்காரன்ட றவுண்டப்புக்குள்ளயும் சென்றிக்குள்ளயும் கிடந்து நான் என்ன செய்யிற? உனக்கு வயசும் போயிட்டுத்தானே."

வயசும் போயிட்டுத்தானே! அன்னப்பூரணி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். உன்னை நாக்கைப் பிடுங்கிக்கொண்டு நிற்கப் பண்ணுகிறேனா இல்லையா பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

பண்ணுகிற வழியை மாப்பிள்ளையே எழுதி அனுப்பினான். முதல் பட்டியலை வாசித்து ஆசை அடங்கவில்லையாம். இன்னும் பத்துப் படம் வேண்டுமாம். ஊருலகத்துக்கு அதிகம் தெரியாத படங்களாக வேண்டுமாம். இராசாத்தி அரை றாத்தல் கற்கண்டோடு வந்து மெசினடியில் நின்றாள். "கடைசித் தரம்கா. இதோட நான் உன்னைக் கரைச்சல்படுத்த மாட்டன்."

"அதுக்கென்ன, எழுதித் தாறன்" என்றாள் அன்னப்பூரணி. கற்கண்டில் ஒரு துண்டை எடுத்து வாயிலும் போட்டுக்கொண்டாள்.

இந்த முறை எழுத இரண்டு மணித்தியாலம்தான் பிடித்தது. 'மூன்றாம் பாலம்', 'தபால்காரி மகள்', 'வெண்கலத் தாலி', 'உப்பளத்து ராணி' என்று பத்துப் பெயர். பத்தும் பச்சைப் பொய். அப்படி ஒரு படமும் உலகத்தில் வந்ததாக அவளுக்குத் தெரியாது. நடித்தவள் குமுதவர்ணி, நடித்தவன் சுந்தரவடிவழகன். அப்படி ஆட்களும் இல்லை. குமுதவர்ணியின் நடை பிடிக்கும், சுந்தரவடிவழகன் தொண்டையைச் செருமுவது பிடிக்கும் என்று வரிக்கு வரி எழுதினாள். படம் தெரிந்த மனிசன், ஒரே பார்வையில் பிடித்துவிடுவான். இவள் கள்ளி என்று அவன் வாயால் வர வேண்டும். அதை மாமி கண்ணாடி போட்டு உரத்து வாசிக்க வேண்டும். அதைத் தூணோடு நின்று கேட்க வேண்டும்.

இருந்தும் ஒரு சந்தேகம். எழுதியதில் ஒன்று உண்மையாகவே வந்த படமாக இருந்து தொலைத்தால்? குடையை விரித்துக்கொண்டு, இரண்டு சென்றியில் அடையாள அட்டையைக் காட்டி, ஏறாவூருக்குப் போனாள். தொண்ணூறாம் ஆண்டுத் தமிழ்-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு அங்கே படக் கசெற் எடுக்கத் தமிழ்ப் பெண்கள் போவது குறைவு. முகைதீன்பாவா காக்காவின் கடைக்கு மட்டும் அவள் போவாள். அவர் பார்க்காத படம் கிடையாது.

அவர் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போனார். "என்ன புள்ள இது? இதில ஆறாவது ஒண்டுதான் உள்ள படம். மற்றது ஒண்டும் இல்லையே."

"நல்லாத் தெரியுமா காக்கா?"

"எனக்கிட்டயா கேக்கிறாய்? இல்லாத படம் இது. ஆரு உனக்குக் காதில பூச்சுத்தின?"

அன்னப்பூரணி ஆறாவதை அடித்துவிட்டு வேறு ஒன்று எழுதினாள். அதுவும் இல்லாத படம்தானா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் திரும்பினாள். இராசாத்தி அதைத் தன் கையால் அழகாகப் பார்த்து எழுதி, ஒட்டி, அனுப்பினாள்.

ஒன்றரை மாதம் காத்திருந்தாள் அன்னப்பூரணி. என்ன சுகமான காத்திருப்பு! பொத்தான் தைக்கும்போதும் சிரித்தாள். தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் காலை மெசின் மிதியிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்.

ஆவணியில் கடிதம் வந்தது. விறாந்தைக்கு அழைப்பு வரவில்லை. இராசாத்தியே ஓட்டமாக ஓடி வந்தாள், முகமெல்லாம் பல்.

"அக்கா! அவரும் பாத்திரிக்காராம்கா! பத்தையும் பாத்திரிக்காராம்!"

அன்னப்பூரணி கடிதத்தைப் பறித்து வாசித்தாள். மூன்றாம் பாலத்தைப் பாரிஸில் நாலு தரம் பார்த்தானாம். கடைசிக் காட்சியில் ஒவ்வொரு தரமும் அழுதானாம். குமுதவர்ணி அங்கே ஒரு விழாவுக்கு வந்தபோது இவன்தான் மாலை போட்டானாம், அவள் இவனுக்குத் தன் பேனையைப் பரிசாகக் கொடுத்தாளாம். அதே நீல மையில், அதே சரிந்த எழுத்தில், அடுத்த பந்தியில் மற்றதெல்லாம் இருந்தது. வதிவிடக் காட் கிடைத்துவிட்டது, இரண்டு அறை வீடு எடுத்திருக்கிறேன், சொந்தக் கடை ஓடுகிறது, கொழும்புக்கு வந்தால் என் சினேகிதன் உங்களைப் பத்திரமாகக் கூட்டி வருவான், கெதியாக வெளிக்கிடுங்கள்.

முதலில் அவளுக்கு வந்தது ஆத்திரம். ஒன்றரை மாதக் கறுவல் பாழாய்ப் போனதே என்ற ஆத்திரம். பிறகு சிரிப்பு வந்தது. இல்லாத பெண்ணுக்கு மாலை போட்டானாம்! சிரிப்பு அடங்கியபோது கடிதத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். இல்லாத படத்துக்கு நாலு தரம் அழத் தெரிந்தவனுக்கு இல்லாத வீட்டைக் கட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்தக் காட், அந்தக் கடை, அந்தச் சினேகிதன்? தேத்தண்ணிக்காரியைப் பற்றி அவன் புகழ்ந்து எழுதியதுகூட யாரோ சொல்லிக்கொடுத்த இனிப்புக் கதையாக இருக்கலாம். களவு போகாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறவள் அவளாகத்தான் இருந்திருப்பாள். கையெடுத்துக் கும்பிட வேண்டிய களவு. ஆனால் கும்பிட அவளுக்கு மனம் வரவில்லை. களவு களவுதான்.

"நல்லா எழுதியிரிக்கார், என்னகா?" என்றாள் இராசாத்தி.

"நல்லாத்தான் எழுதியிரிக்கார்."

முகைதீன்பாவா காக்காவிடம் மட்டும் சொன்னாள். கசெற்றைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "புள்ள, நீ கோவத்தில செஞ்ச. சரி. இனிக் கோவம் போதும். அந்தக் குமரு தனிய, தெரியாத ஒருத்தனோட வெளிக்கிடப்போறாள். ஒரு சொல்லு சொன்னாக் காணும், நிண்டுடுவாள். அல்லாவுக்காகப் போய்ச் சொல்லு."

சொல்லத்தான் போனாள். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. பயணத்துக்கு முதல்நாள் காலை, அவளுக்கென்று தைத்த மூன்று சட்டையையும் மடித்துக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போனாள். அறைக்குள் இராசாத்தி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையின் கைமடிப்புத் தையல் பாதியில் நின்றதால் ஊசியும் நூலும் அன்னப்பூரணியின் கையிலேயே இருந்தன. கட்டிலில் இருந்து அதைத் தைத்தபடி வார்த்தையைத் தேடினாள்.

"இராசாத்தி, உன்னட்ட ஒண்டு சொல்லோணும்."

"நானும் உன்னட்ட ஒண்டு சொல்லோணும்கா. கோவிக்கப்படாது." இராசாத்தி பக்கத்தில் வந்து இருந்தாள். "நாளைக்கி நீ பஸ்ஸடிக்கு வராத. அவர்ட சினேகிதன் கொழும்புல நிக்காம இங்கயே கூட்டிப்போக வாறாராம். நீ நிண்டா வாய் சும்மா இருக்காது, படத்தைப் பத்திக் கதைச்சுப்போடுவாய். மறுகா அவருக்கு எல்லாம் விளங்கிப்போடும். எனக்கிக் கிடைச்ச ஒரு நல்லதை நீ கெடுத்துப்போடாத."

தொண்டை வரைக்கும் வந்திருந்தது வார்த்தை. வந்த வழியே திரும்பிப் போயிற்று. கெடுத்துப்போடாதே என்கிறாள். எடுத்தவள் சொல்கிறாள், கொடுத்தவளைப் பார்த்து!

"ஓம், நான் வரல்ல" என்றாள் அன்னப்பூரணி.

"நீ என்னகா சொல்ல வந்த?"

"அந்த மற்றச் சட்டை கையடியில ஒள்ளுப்பம் இறுக்கமா இரிக்கும். போட்டுப் பாரு எண்டுதான்."

இராசாத்தி சட்டையைப் போட்டுப் பார்த்தாள். இறுக்கமாக இல்லை. கண்ணாடியில் திரும்பித் திரும்பித் தன்னைப் பார்த்தவள், திடீரென்று ஏதோ நினைவு வந்து முகத்தைச் சுருக்கினாள்.

"அக்கா, அந்த மூன்றாம் பாலம். கடைசிக் காட்சியில அழுத எண்டு எழுதியிரிக்காரே. அங்க போனதும் அதைப் பத்திக் கதைச்சா நான் என்ன சொல்ற? கடைசியில என்னகா நடக்கும்?"

அன்னப்பூரணி ஊசியைக் குத்தி இழுத்தாள். இன்னும் சொல்லலாம். நாலு வார்த்தை. அப்படி ஒரு படம் இல்லையடி.

"அந்தப் பொம்பிளை தனியப் பாலத்தைக் கடந்து போவாள்" என்றாள். "அங்கால அவன் அவளுக்காகக் காத்துக்கொண்டு நிப்பான்."

"நிப்பானா?"

"நிப்பான்."

இராசாத்தி யோசித்தாள். "அப்ப அவர் ஏன்கா அழுதார்?"

அன்னப்பூரணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சந்தோசத்திலதான்" என்றாள்.