சகலைக்குக் கிடைத்த சீட்டு

அந்தத் தொகுதியின் தேர்தல் சரித்திரம் மருந்துக்கடைக்காரருக்கு அத்துப்படி. முதல் தேர்தலில், மரம் அறுத்து விற்கும் மரவாடியின் முதலாளி போட்டியின்றி ஜெயித்தார். எதிர்த்து நிற்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அடுத்த முறை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நின்றார், தோற்றார், வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு போய்விட்டார். முதலாளி கண்ணை மூடியதும் மகன் வந்தார். எல்லையை மாற்றி வரைந்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ரயில்வே குடியிருப்பைச் சேர்த்தபோதும் மரவாடிதான் ஜெயித்தது. அந்த மகனை எதிர்த்து இரண்டு முறை நின்றவர் நம் மருந்துக்கடைக்காரர். முதல் முறை மயிரிழையில் தோற்றார். மறுபடி எண்ணச் சொன்னார், எண்ணியும் தோற்றார். இரண்டாம் முறை டெபாசிட்டே போய்விட்டது.

இந்தத் தடவை விடக்கூடாது என்று புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். கட்சி சீட்டை அவருடைய சகலைக்குக் கொடுத்துவிட்டது.

மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு நேற்று வந்தவன் அவன். கார் ஓட்டப் பழக்கும் பள்ளி வைத்திருந்தான். ஊரில் பாதிப் பேர் அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஸ்டியரிங் பிடித்திருந்தார்கள். யார் எந்தச் சுவரில் போய் முட்டினாலும், "பரவால்ல, சுவருக்கு ஒண்ணும் ஆகல" என்பான். அந்த ஒரு வார்த்தையை வைத்தே ஊரை வளைத்துப்போட்டுவிட்டான் என்பது மருந்துக்கடைக்காரரின் கருத்து.

சீட்டு கிடைத்த அன்றே கடைக்கு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க இல்லாம நான் என்னண்ணே பண்ணுவேன்? எந்தத் தெரு எந்தப் பக்கம் சாயும்னு உங்களுக்குத்தான தெரியும்!"

"தெரிஞ்சுதான் ரெண்டு தடவ தோத்தேன்."

வயிறெரிந்துதான் சொன்னார். சகலை அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். மருந்து வாங்க நின்றவர்களும் கூடச் சிரித்தார்கள். அவன் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்களால் சிரிக்காமல் இருக்க முடியாது. அதுதான் அவரால் பொறுக்க முடியாத சமாசாரம்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். மனைவி ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தொண்டர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் நின்னப்ப இவ்ளோ பெரிய பாத்திரம் எங்க இருந்துச்சாம்?"

"தங்கச்சி கொண்டாந்தா. கொஞ்சம் தள்ளுங்க, பால் பொங்குது."

மாமனாரோ ஒரு படி மேலே. பெரிய மாப்பிள்ளை நின்றபோது முழங்கால் வலி என்று நாற்காலியை விட்டு அசையாத மனிதர், இப்போது சின்ன மாப்பிள்ளையின் ஊர்வலத்தில் கொடி பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நடந்தார். அந்த முழங்காலுக்கு மருந்து கொடுத்தது யார்?

கடைசிப் பொதுக்கூட்டத்தில், வேட்பாளர் வரும்வரை தொகுதியின் வரலாற்றைப் பேசும்படி அவரை மேடையேற்றினார்கள். மரவாடி முதலாளியில் ஆரம்பித்தார். கூட்டம் காது கொடுத்துக் கேட்டது. நீதிபதி வீட்டைக் காலி செய்த இடத்தில் சிலர் உச்சுக்கொட்டினார்கள். அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தன் கதைக்கு வந்தார். "மறுபடியும் எண்ணுங்கன்னு நான் சொன்னப்போ..." என்று குரலை உயர்த்திய நேரம், தெருமுனையில் பயிற்சிக் காரின் ஹாரன் கேட்டது. அத்தனை தலைகளும் திரும்பின, கூட்டம் எழுந்து காரை நோக்கி ஓடியது. மைக்கைப் பிடித்தபடி அவர் ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாக்குப்பதிவு நாளன்று மறைவுத் தட்டிக்குப் பின்னால் நின்று முத்திரையைக் கையில் எடுத்தார். சகலையின் பெயரைப் பார்த்தார். அந்த ஹாரன் காதில் விழுந்தது போலிருந்தது. வாழ்நாள் முழுக்க எதிர்த்து நின்ற மரவாடிக்கே முத்திரையைக் குத்தினார். வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. வீடு வருவதற்குள் அது கல்லாகிவிட்டது.

சகலை ஜெயித்தான். சும்மா இல்லை, மரவாடியைத் துடைத்துப்போட்டு ஜெயித்தான். வாக்குச்சாவடி வாரியாக முடிவை வாசித்தபோது மருந்துக்கடைக்காரர் தன் சொந்தத் தெருவுக்குக் காது கொடுத்தார். தனக்கு இரண்டு முறையும் கைவிரித்த தெரு அது. சகலைக்கு அள்ளிக் கொட்டியிருந்தது.

மறுநாள் காலையில் கடை திறக்கவில்லை. எதிரே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மாவிடம் நேராகப் போய் நின்றார்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. நான் என்ன கொற வெச்சேன்? அவனுக்குப் போட்ட கை எனக்கு ஏன் போடல?"

தையல்காரம்மா மிதியை நிறுத்தினாள். "ஜெயிச்சிருந்தா நீங்க தலைநகரத்துக்குப் போயிருப்பீங்கல்ல தம்பி?"

"ஆமா, போயிருப்பேன்."

"அப்போ கடை? எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு முட்டினா யாரு வீட்டுக் கதவத் தட்டுறது? தெருவே பேசித்தான் போடல. கார் ஓட்டத் தெரியலன்னா நடந்துக்கலாம். அதான் அவர அனுப்பி வெச்சோம்."

அவருக்குச் சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை. அவரைப் பிடித்துப்போய்த்தான் தோற்கடித்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் பொறாமை தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. தன்னை வேண்டும் என்று வைத்துக்கொண்டதைவிட, வேண்டாம் என்று அனுப்பப்பட்டவனின் கழுத்து மாலைதான் கண்ணுக்குள் நின்றது.

வீட்டுக்கு வந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெருவே பேசி வெச்சுத்தான் எனக்குப் போடலயாம். உனக்குத் தெரியுமா?"

"ம்."

"நீ?"

"முதல் தடவ உங்களுக்குத்தாங்க போட்டேன்."

"ரெண்டாவது?"

அவள் ஒரு போர்வையை உதறி நீட்டினாள். "இந்தப் பக்கம் பிடிங்க."

அவர் பிடித்தார். சேர்ந்து மடித்தார்கள். தான் யாருக்குக் குத்தினோம் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

சாயந்திரம் கடையைத் திறந்ததும் முதலில் வந்து நின்றது சகலைதான். நன்றி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது.

"அண்ணே," என்றான் காற்றுக் குரலில். "இந்த ஜெயிப்பு நீங்க போட்ட ஓட்டுண்ணே."

மருந்துக்கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பினார். இருப்பதிலேயே கசப்பான மருந்தாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். நல்ல மருந்துதான், ஆனால் கசக்கும்.