ஒற்றுக்காரனுக்கு ஒரு முகம்

ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறினால் ததேயூஸ் உயிரோடு தன் ஊரான பூவாருக்குத் திரும்பமாட்டான் என்று வியாழக்கிழமை காலையில் ராஜபாயின் வீட்டு வாசலில் நின்று பரமசிவன் சொன்னான்.

“நாடகத்திலே அவன் போலீசுகிட்டே குசுகுசுத்தது ஞாயிறு. எனக்க தம்பி மோகனனெப் பிடிச்சது செவ்வா. இடையிலே ஒரே நாளாக்கும்.”

“எலே பரமசிவா, அது நான் எழுதினது. அவன் நடிச்சான், அவ்வளவுதான்.”

“ஒண்ணும் தெரியாமலா எழுதினிய? அவனுக்க மொகத்தெ நான் கண்டேன். அது நடிப்பில்லெ.”

உதியன்குளங்கரை ஓலைக் கொட்டகையில் நாற்பத்தொரு வாரமாக நடந்துவந்தது ‘தெக்கேவிளை வீடு’. அது ஒரே நாளில் முடிகிற நாடகமல்ல. ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு ஒன்றரை மணி நேரம் நடக்கும். மீதிக் கதை அடுத்த ஞாயிறு. ராஜபாய் பதினாறு வயதில் ஊர் ஊராகப் போகும் ஒரு குழுவில் நடிக்கச் சேர்ந்தவள். திரை விழுந்த பிறகும் பெண்கள் எழுந்திருக்காமல், “பிறகு அவளுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்பதை ஊருக்கு ஊர் பார்த்தாள். அந்தக் கேள்வியை வைத்தே ஒரு நாடகம் நடத்தலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அதை நடத்தும் விதம் எளிமையானது. ஒவ்வொரு வாரமும் மூன்று கேள்விகள் வேண்டும். ஒன்று அன்றைக்கே தீர வேண்டும். இல்லாவிட்டால் வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். இன்னொன்று பாதி தீர வேண்டும். மூன்றாவது, திரை விழும் நொடியில் பிறக்க வேண்டும். அதற்கு விடை எழுதுகிறவளுக்கே தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்தால் கை தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டவர்கள்மேல் ஆகஸ்டு மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு போலீஸ் ஊர் ஊராகப் போராட்டக்காரர்களைத் தேடியது. மலையாளமும் தமிழும் கலந்து பேசிக்கொண்டிருந்த சந்தையில் ஆட்கள் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். காட்டிக் கொடுக்கிறவன் யார் என்பதே எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி. ராஜபாய் அதை எடுத்து மேடையில் வைத்தாள். தெக்கேவிளை வீட்டு மாமன் குட்டன் வைக்கோல்போருக்குப் பின்னால் நின்று போலீஸ்காரனிடம் ஏதோ சொல்கிறான். என்ன சொன்னான்? திரை விழுந்தது. குட்டனாக நடித்தவன் ததேயூஸ். செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஊரான கொல்லயிலில் ஒரு தேங்காய்க் கிட்டங்கிக்குள் ஒளிந்திருந்த மோகனன் உட்பட மூன்று பேரைப் போலீஸ் நேராக வந்து பிடித்தது.

வெள்ளிக்கிழமை ததேயூஸ் வந்தான். அவன் வலையை யாரோ அரிவாளால் கிழித்திருந்தார்கள்.

“இனி அதிலெ மீன் கேறாது அக்கா. பூனை வேணும்னா கேறும்,” என்று சிரிக்கப் பார்த்தான்.

“இந்த வாரம் நீ வராதே மக்கா.”

“வராட்டா ஓடிப் போனான்னு பறவானுவ. வாறேன்.”

அவன் போனதும், ஆர்மோனியம் வாசிக்கும் அவள் கணவன் ஞானையன் யோசனை சொன்னான். “குட்டனெக் கொன்னு போடு.”

“கொன்னா, ஒற்றுக்காரனுக்குச் சரியான கூலின்னு கை தட்டுவாங்க. வெளியிலெ வந்து மிச்சத்தெ முடிப்பாங்க.”

“அப்போ யாரோ ஒருத்தன் சொன்னான்னு வை. ஆளெக் காட்டாதே.”

அவள் தலையசைத்து மறுத்தாள். முகமில்லாத ஒற்றுக்காரனுக்குச் சனங்களே தெருவில் ஒரு முகத்தைத் தேடிப் பிடித்துவிடுவார்கள்.

“அப்போ காட்டிக் கொடுத்தது ஒரு பொண்ணுன்னு வை. நம்ம நாடகத்திலெ நடிக்கிற ஸ்ரீகுமாரிக்கு அந்த வேஷத்தெக் குடு.”

“நாடகம் முடிஞ்சா அவ தனியா கொல்லயில் ஊர் வரைக்கும் நடந்து போகணும். கொஞ்சம் யோசிச்சிட்டுப் பேசும்.”

ஞானையன் ஆர்மோனியத்தைத் துடைக்கப் போனான்.

நாற்பத்திரண்டாம் வாரத்தில் அவள் ஒரு புதிய பாத்திரத்தை எழுதினாள்: பக்கத்து வீட்டு விதவை. கடைசி நிமிடத்தில் வந்து நிற்கும் அந்நியரைப் பார்வையாளர்கள் நம்பமாட்டார்கள். அதனால் முதல் காட்சியில் அவளை உப்பு கேட்டு வரவைத்தாள். மூன்றாம் காட்சியில் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கவைத்தாள். ஐந்தாம் காட்சிக்குள் அவள் அந்த வீட்டுக்காரியாகவே ஆகியிருப்பாள். கடைசிக் காட்சிக்கு நடிகர்களிடம் கொடுத்த தாளில் குட்டனை எல்லோரும் விசாரிப்பதோடு வசனம் முடிந்தது. அதற்குமேல் என்ன வரும் என்பதை அவள் ஞானையனிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பரமசிவன் முன்வரிசையில் இருந்தான். அவனோடு ஏழெட்டுப் பேர். அவர்கள் காலடியில் வேலிக்கம்புகள் கிடந்தன.

கடைசிக் காட்சி வந்தது. “பறயெடா குட்டா, நீயாக்கும் சொன்னது?” என்று மேடையில் குட்டனின் அண்ணன் வேடக்காரன் கேட்டான். “அதைக் கேளு!” என்று கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. பரமசிவன் குனிந்து கம்பை எடுத்தான். ததேயூஸுக்கு வசனம் மறந்துபோனது.

விதவை வேடத்தில் நின்ற ராஜபாய் முன்னால் வந்தாள்.

“அவனெ விடுங்க. நானாக்கும் சொன்னது. எனக்க மோன் லாக்கப்பிலெ கெடக்கான். சொன்னா விடுவோம்னாங்க. சொன்னேன். பிறகும் விடல்லெ.”

ததேயூஸ் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தான். பயமும் திகைப்பும் ஒன்றாக அவன் முகத்தில் வந்தன. கண்ணில் நீர் நின்றது. முன்பே தெரிந்திருந்தால் நடித்திருப்பான். அப்போது முன்வரிசைக்காரர்கள் நம்பியிருக்கமாட்டார்கள். பரமசிவன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கம்பு மெல்லத் தாழ்ந்தது. ஞானையனின் விரல்கள் ஆர்மோனியத்தின் மேல் அசையாமல் இருந்தன. திரை இழுக்கிறவன்கூட ஒரு கணம் மறந்து நின்றான்.

ததேயூஸ் வெளியே வந்தபோது கூட்டம் வழிவிட்டது. “போ மக்கா, மனசிலெ வைக்காதே,” என்றான் பரமசிவன்.

பின்னால் ராஜபாய் வந்தாள். அவளுக்கும் கூட்டம் வழிவிட்டது, தேவைக்கு மேல் அகலமாக. பெற்ற பிள்ளைக்காகச் சொன்னவளைச் சனங்கள் அடிக்கமாட்டார்கள் என்பது அவள் போட்டிருந்த கணக்கு. அது பாதிதான் சரியாக இருந்தது. அவளுக்குப் பிள்ளையே இல்லை என்பது ஊருக்கே தெரியும்; அப்படியென்றால் யாருக்காகச் சொன்னாள் என்று சனங்கள் கேட்டுக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை பால்காரி சரோஜம் நிற்காமல் வீட்டைக் கடந்து போனாள். புதன்கிழமை அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது கிணற்று வாளியை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். வியாழக்கிழமை பரமசிவன் மறுபடி வந்தான். கையில் கம்பு இல்லை.

“சொன்னா விடுவோம்னு லாக்கப்பிலெ சொல்லுவாங்கன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எழுதுகவளுக்கு எல்லாம் தோணும்.”

“தோணுமோ? தோணினது எல்லாம் சரியாட்டு இருக்கே.”

அவன் போன பிறகு ஞானையன் கதவைத் தாழிட்டான். “இந்த வாரம் வேண்டாம். உடம்பு சரியில்லெண்ணு சொல்லுவோம்.”

“நான் போகல்லெண்ணா அவனுவ மறுபடியும் ததேயூசுக்க வீட்டுக்குப் போவானுவ,” என்றாள் ராஜபாய். அந்த விதவையை இனி எப்படிக் காப்பாற்றுவது என்று மூன்று நாள் எழுதினாள். மூன்று வழிகளை எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டாள். இந்தத் தடவை விடை உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்குத் திரை விலகியது. கொட்டகையில் இடமில்லாமல் வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். உள்ளேயும் எல்லோரும் நின்றபடியே அவளைப் பார்த்தார்கள், பெஞ்சுகளில் ஒருவரும் உட்காரவில்லை. முதல் வசனம் அவளுடையது.