வாட்டம்

காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்க வருகிறவர்களை வாசலிலேயே மடக்க ஒவ்வொரு கடைக்கும் ஒரு வித்தை உண்டு. ஒரு கடையில் பன்னீர் தெளிப்பார்கள். இன்னொன்றில் ஏசிக் காற்றைத் தெருவுக்கே திறந்துவிடுவார்கள். தேவேந்திரன் கடை வாசலில் ஒரு ஜப்பான் மேப்பிள் செடி நின்றது. இடுப்பளவு உயரம், விரல் விரித்த மாதிரி சிவப்பு இலை. அவரிடம் சேலை வாங்கி பெங்களூரில் விற்கும் துணிக்கடைக்காரி சந்தியா அன்பளிப்பாக அனுப்பியது. அதைப் பளபளக்கும் பித்தளை அண்டாவில் நட்டு, "நேரா ஜப்பான்லேர்ந்து வந்துது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார் தேவேந்திரன். வந்தது ஊட்டியிலிருந்து. வியாபாரத்தில் இதற்குப் பொய் என்று பெயரில்லை, அலங்காரம்.

கடையில் சேலைக்கு டிசைன் வரைகிற சிம்ரன் அந்த இலையைப் பார்த்து ஒரு புட்டா வரைந்தாள். மூன்று வருடமாகப் பழைய மாங்காயையும் மயிலையும் இழுத்தும் சுருக்கியும் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்குச் சொந்தமாக அமைந்த முதல் புட்டா. தேவேந்திரனுக்கே பிடித்துப்போனது. டிசைனைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையும் குத்தி, ஆவணி முகூர்த்தத்துக்கென்று தறியில் ஏற்றியாகிவிட்டது.

ஆடி பிறந்ததும் செடி தலையைத் தொங்கப்போட்டது.

"வாட்டமா இருக்குதே" என்று பார்த்தவர்களெல்லாம் தண்ணீர் ஊற்றினார்கள். சாமி படத்துக்குப் பூப்போட்ட கையோடு தேவேந்திரன் ஒரு சொம்பு. பெருக்குகிற கிருஷ்ணம்மாள் ஒரு மக். சேலை மடிக்கிறவர்கள் குடித்த மிச்சம். சிம்ரனும் தன் பங்குக்கு ஒரு பாட்டில். இலை இன்னும் துவண்டு, நுனி கருகியது.

வியாழக்கிழமை தேவேந்திரன் தீர்ப்புச் சொன்னார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. பூஜைக்குள்ள இத்த குப்பையில போட்டுடு கிருஷ்ணம்மா. வாசல்ல வாடின செடி நின்னா யாவாரம் ஆவாது. சிம்ரன், அட்டைய எறக்கச் சொல்லு. மாங்காவே போட்டுக்கலாம்."

"செடிக்கு சீக்குன்னா பொடவை இன்னா பண்ணுச்சு மொதலாளி?"

"செத்த செடியோட எலைய எந்தக் கல்யாணப் பொண்ணு கட்டுவா?"

"இன்னும் சாவல. டைம் குடுங்க."

"ரெண்டு நாள்."

"ஒரு மாசம்."

"இன்னாது! அஞ்சு நாள். கடைசி வார்த்தை."

சிம்ரன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். விலை படியாத வாடிக்கைக்காரி படியிறங்குகிற அதே நடை. தினமும் பார்த்துப் பழகியது. இரண்டாவது படியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சரி, பதினஞ்சு. ஆடிதானே, தறி நிக்கட்டும். செடிய நீயே எடுத்துக்கினு போ, என் கண்ணுல படக் கூடாது. செத்துச்சுன்னா மாங்கா."

அண்டாவை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா பரசுராமன் கொத்தனார். கையிலிருந்த சிமென்டைக் கழுவிக்கொண்டே அண்டாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வாட்டமே இல்லையே பாப்பா."

"கண்ணு தெரியலையாப்பா? மொத்தமும் தொங்குது, வாட்டம் இல்லைன்ற?"

"எலைய யாரு சொன்னா? தண்ணி ஓடறதுக்கு வாட்டம்மா! பாத்ரூமுக்கு வாட்டம் வெக்காம தரை போட்டா இன்னா ஆவும்? தண்ணி நின்னு நாறும். இதுவும் நாறுது, மோந்து பாரு."

மோந்து பார்த்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அண்டாவுக்கு ஏது ஓட்டை? தாகத்தில் தொங்குகிறது என்று கடையே ஊற்றிய தண்ணீரில் வேர் மூச்சுமுட்டிக் கிடந்தது.

அன்றைக்கே ஒரு பழைய சிமென்ட் தொட்டிக்கு அடியில் நாலு ஓட்டை போட்டார் பரசுராமன். உடைந்த செங்கல், ஜல்லி, அதன்மேல் மணலும் தேங்காய் நாரும் கலந்த மண். கொழகொழவென்று கறுத்திருந்த வேர்களை சிம்ரன் கத்தரிக்கோலால் நறுக்கினாள். மதிய வெயில் எட்டாத கிழக்குச் சுவரோரம் வைத்தாள். விரலை மண்ணில் விட்டு, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தெருவில் ஒருத்தி புளித்த மோர் ஊற்றச் சொன்னாள், இன்னொருத்தி சாணி. யாரையும் கிட்டே சேர்க்கவில்லை.

"என் பிரசவத்துக்குக்கூட இந்த வூட்ல இவ்ளோ காபந்து இல்ல" என்றாள் அம்மா கங்கையம்மாள்.

ஏழாம் நாள் இலை மொத்தமும் கொட்டிவிட்டது. தேவேந்திரன் போன் செய்தார்.

"கொட்டிடுச்சாமே. மாங்கா போடச் சொல்லட்டுமா?"

"இன்னும் எட்டு நாள் இருக்குது மொதலாளி."

"மொட்டைக் குச்சிய வெச்சுக்கினு இன்னாம்மா பண்ணுவ?"

"திருப்பதி போனவங்களும் மொட்டையாத்தான் வராங்க. செத்தா போய்ட்டாங்க?"

வாய்தான் அப்படிப் பேசியது. போனை வைத்ததும் ஓடிப்போய்ப் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை.

பதினைந்தாம் நாள் காலை செடியைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னார் தேவேந்திரன்.

"தூக்கினா வேர் ஆடும். நீங்க வந்து பாருங்க" என்றாள் சிம்ரன்.

அந்தக் கடைக்கு இரண்டு முறை தரை போட்டவர் பரசுராமன். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தேவேந்திரன் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். தெருவுக்குள் வந்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை, எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் ஹாரன் அடித்தது. பரசுராமன் எழுந்தார்.

"உக்காருப்பா" என்றாள் சிம்ரன்.

"மொதலாளி கூப்புடறாரும்மா..."

"செடி பாக்கணும்னா கால் இருக்குது. உக்காரு."

ஹாரன் இன்னொரு முறை, நீளமாக அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது.

தேவேந்திரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். மொட்டைக் கிளையில் நாலு இடத்தில் மொட்டு வெடித்திருந்தது. நகத்தளவு இலைகள், மடிப்புக்கூடப் பிரியாமல், ரத்தச் சிவப்பில். தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். கங்கையம்மாள் நீட்டிய டீயை ஒரு நொடி பார்த்தார். வாங்கிக் குடித்தார்.

"சரிம்மா. தறிய ஓட்டச் சொல்றேன். நாளைக்கு ஆட்டோ அனுப்பறேன், செடிய ஏத்திடு."

"தறி ஓடட்டும். செடி வராது."

"என்னுதும்மா அது!"

"குப்பையில போடச் சொன்னீங்களே, அது உங்களுது. இது எங்களுது."

"வர்றவங்க கேப்பாங்களே, ஜப்பான் செடி எங்கேன்னு?"

"இந்தத் தெரு பேரைச் சொல்லுங்க. முனையில நின்னு ஹாரன் அடிக்காம உள்ள வரச் சொல்லுங்க."