பூவரச இலையில் காவல்

மனைவி இறந்த பிறகு அருளாந்துவுக்குப் பூவரச இலையின் அடிப்பக்கத்தில் வாசல்காவல் வேலை கிடைத்தது. உடம்பு அளவு சரியாக இருந்தது. வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

இலைக்கடியில் எங்கே பார்த்தாலும் வாசல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு காவலர். கதவு கிடையாது, காவலர்தான் கதவு. காலையில் இருவரும் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்தால் உடம்பு உப்பி வளையும், நடுவில் வழி திறக்கும். வெளிக்காற்று உள்ளே போகும், உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும். காற்று போனால்தான் உள்ளே சமைப்பவர்களுக்கு வெயிலில் உலை ஏறும், எல்லோருக்கும் சோறு கிடைக்கும். தண்ணீர் குறைந்தால் இருவரும் துவண்டு ஒட்டிக்கொள்வார்கள். வாசல் அடைபடும்.

எதிர்க்காவல் பிலோமினா. நல்ல பேச்சுக்காரி என்று கேள்வி. வாசல் திறந்திருக்கும்போது காற்றின் இரைச்சலில் ஒரு சொல் கேட்காது. இரவில் அடைபடும், தோளில் தோள் படும், அதற்குள் அவள் தூங்கிப்போவாள். அப்படி ஒரு பிறவி. அருளாந்து மனிதக் குரல் கேட்டு நாளாகியிருந்தது.

சித்திரையில் ஒருநாள் வேரிலிருந்து தண்ணீர் வரவில்லை. பட்டப்பகலில் வாசல் அடைபட்டது. பிலோமினா பேசினாள். அம்மா வைக்கும் மீன்குழம்பு, மேல்இலைக்காரியின் திமிர், ஒன்றும் பாக்கியில்லை. அருளாந்து சிரித்தார். அந்தச் சத்தம் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் தண்ணீர் வந்தது. அவர் குடிக்கவில்லை. குடித்ததுபோல வாயைத் துடைத்துக்கொண்டார். பிலோமினா மட்டும் உப்பினாள். இவர் துவண்டு அவள் மேலேயே கிடந்தார். வழி திறக்கவில்லை. அவள் பேசிக்கொண்டேயிருந்தாள், மனுஷன் சொர்க்கத்தில் இருந்தார். உள்ளே உலை ஏறவில்லை. சில நாளில் அந்தப் பக்கமாக இலை மஞ்சளடித்தது.

"உள்ள பசியில கெடக்காங்கண்ணே. நீங்க குடிக்கலைல்ல?"

"குடிச்சா நீ தள்ளிப் போயிருவியே."

"ஆமா." அவள் கொஞ்சம் யோசித்தாள். "குடிங்கண்ணே."

குடித்தார். உடம்பு உப்பியது, அவள் தோள் விலகியது. வலித்தது. எதிரே அவள் வாயசைத்து என்னவோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அத்தனையும் காற்றோடு உள்ளே போயிற்று. உள்ளே அதையும் போட்டுச் சமைத்தார்கள்.

பொழுதடைகையில் சோறு வந்தது. என்றைக்கும் இல்லாமல் இனித்தது. வாசல் அடைபட்டது, பிலோமினாவின் தோள் வந்து பட்டது.

"காலைல என்ன சொன்ன?" என்று கேட்டார்.

அவள் தூங்கியிருந்தாள்.