இருநூற்றுப் பதினொன்றாம் முறை

"கையேட்டின் பதினோராம் பக்கம், ஆறாம் வரி, மூன்றாம் வார்த்தை என்ன?" என்று கேட்டுவிட்டுக் கணினித் திரை அசையாமல் நின்றது. மருந்தம்மாவின் மடியில் கையேடு இருந்தது. ஆனால் அதில் பதினோராம் பக்கம் கிடையாது. அது நாற்பத்தொன்றில்தான் தொடங்கும். முதல் நாற்பது பக்கங்களைப் பதினெட்டு வருடங்களுக்கு முன்பு சவர பிளேடால் நறுக்கி எடுத்துக்கொண்டு அவளுடைய கணவர் கப்பலேறிவிட்டார். காசு கொடுத்து வாங்கியவர்தான் ஆடுகிறாரா என்று சோதிக்க, ஆட்டத்தைச் செய்தவர்கள் போட்ட பூட்டு அந்தக் கேள்வி. கையேடு ஒன்று, ஆடுபவர்கள் இருவர், நடுவில் ஒரு கடல். அதனால் ஆளுக்குப் பாதி. தன்னிடம் இல்லாத பக்கத்தைக் கேட்டால் ஆட்டத்தை மூடிவிட்டு மறுபடி திறக்க வேண்டும், தன் பாதியிலிருந்து ஏதாவது கேட்கும்வரை. அவள் மூடித் திறந்தாள். இருபத்தொன்பதாம் பக்கம் கேட்டது. மறுபடி மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. கப்பல்காரர் முடிவெட்டப் போயிருந்தார். ஓய்வு பெற்று எட்டு மாதமாகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னும் கப்பல்காரர்தான். முப்பத்தொரு வருடம் கப்பல்களின் இஞ்சின் அறையில் குப்பை கொட்டிவிட்டு வந்த மனிதர், வந்த முதல் வாரமே வீட்டையும் ஓர் இஞ்சின் அறையாக நினைத்து வேலையில் இறங்கினார். சொட்டிக்கொண்டிருந்த குழாய் நின்றது. கத்திக்கொண்டிருந்த கதவு நின்றது. சமையலறை டப்பாக்களெல்லாம் உயர வாரியாக வரிசையில் நின்றன. கூடவே பேச்சும் நின்றுவிட்டது. காலையில் "ம்", மதியம் "போதும்", சாயங்காலம் மறுபடி ஒரு "ம்".

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நாளொன்றுக்கு இருநூறு பேரிடம் "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவள் மருந்தம்மா. வீட்டுக்கு வந்தால் அந்த வாய்க்கு வேலையில்லை. சண்டை போடலாம் என்றும் பார்த்தாள். ஆனால் சண்டைக்குக்கூட இரண்டு வாய் வேண்டுமே. வேற்றூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் புலம்பியபோது, "அப்பா எப்பவுமே அப்படித்தானேம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அது அப்படியில்லை. அவருக்குப் பேச வரும் என்பது இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். மிச்சமிருக்கும் காலத்தை ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு வாடகைக்காரர்களைப் போலக் கழித்துவிடுவோமோ என்று அந்த ஓர் ஆளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதனால்தான் இந்தப் பழைய யுத்தத்தைத் தூசி தட்டி எடுத்தாள்.

யுத்தம் என்றால் பெரிய யுத்தம் எல்லாம் இல்லை. தேன்கூடு மாதிரி கட்டம் போட்ட ஒரு வரைபடம். அதில் ஓர் ஆறு, மூன்று குன்றுகள், ஒரு காடு, நடுவில் வெட்டவெளி. பச்சைப் படை அவருடையது, மண்ணிறப் படை அவளுடையது. டாங்கி, பீரங்கி, காலாட்படை, சாமான் ஏற்றிவரும் லாரி. ஒருவர் தன் முறையை ஆடி முடித்து, அது பதிவான கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், அடுத்தவர் திறந்து, எதிராளி என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு, தன் முறையை ஆடி அனுப்ப வேண்டும். அவர் விடுமுறைக்கு வந்திருந்தபோது வாங்கிய ஆட்டம். முதலில் அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டாங்கியை ஆற்றில் இறக்கி மூழ்கடித்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவள் கற்றுக்கொண்டாள்.

கப்பலில் அப்போது எல்லோருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் பெட்டி. என்ன எழுதினாலும் தொடர்பு அதிகாரியின் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். கப்பல்காரரோ கூச்சத்துக்குப் பிறந்தவர். "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு மேல் ஒரு வரி ஓடாது. ஆனால் ஆட்டத்தின் கோப்பை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம், ஆங்கில எழுத்தில் பன்னிரண்டுக்குள். மூன்றாம் முறையிலேயே அவருடைய டாங்கி ஒன்று "முதுகு வலி?" என்ற பெயரோடு குன்றின்மேல் ஏறி நின்றது. அவள் அதை நான்கு தடவை படித்துவிட்டு, தன் பீரங்கிக்கு "குறைஞ்சிருக்கு" என்று பெயர் வைத்தாள். அதற்கப்புறம் ஆறு வருடம். மகளின் அம்மை, மாடி ஒழுகல், அவருடைய பல்வலி, அவர் கேபினில் கூட இருந்த வெல்டர் கொசுவின் குறட்டை, எல்லாம் டாங்கிகளாக வந்தன, போயின. கொசு என்றால் ஆள் அவ்வளவு ஒல்லி. "கொசு பாடுறான்" என்று ஒரு காலாட்படை பாலத்தைத் தாண்டி வந்த அன்று அவள் மருந்தகத்தில் நின்றுகொண்டே தனியாகச் சிரித்தாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. காட்டுக்குள்ளோ குன்றுக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும் படை எதிராளிக்குத் தெரியாது, அதன் பெயரும் தெரியாது. சேதி சொல்ல வேண்டுமானால் படையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் அடி விழும். ஆக நிறையப் பேசுகிறவர் தோற்பார். மருந்தம்மா ஒரு யுத்தத்தில்கூட ஜெயித்ததில்லை. அவர் அளந்து பேசுவார், முறைக்கு ஒரு பெயர், மிஞ்சினால் இரண்டு. தோற்றுக்கொண்டே இருப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்தது.

விடுமுறைக்கு வந்தால் ஒரே கணினியில் ஆடுவார்கள். ஒருவர் ஆடும்போது மற்றவர் சமையலறைக்குப் போய்விட வேண்டும் என்பது சட்டம். அங்கிருந்து காது கொடுத்துக் கேட்டால் போதும். மௌஸ் சத்தம் வந்தால் சண்டை. விசைப்பலகை சத்தம் வந்தால் பேச்சு. அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவார். அவள் அடுப்பைக்கூட அணைத்துவிட்டு எண்ணிக்கொண்டிருப்பாள்.

போன வாரம் கணினி பழுதுபார்ப்பவரிடம் அந்தக் குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, கீறல் விழுந்திருக்கிறது, இந்தக் காலத்துக் கணினி இதைச் சீந்தாது என்று உதட்டைப் பிதுக்கினார். யார் ஆடப் போவது, பேரனா என்று வேறு கேட்டார். நான்தான் என்றதும் மனிதருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. தகட்டைத் துடைத்து, கெஞ்சி, உள்ளதையெல்லாம் வழித்து எடுத்து, புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியைக் கட்டி, அதற்குள் ஆட்டத்தை நிறுவிக் கொடுத்தார். பழைய ஆட்டம் ஏதாவது சேமிப்பில் இருந்தால் அங்கிருந்தே தொடரலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஏழாவது தடவை திறந்தபோது ஐம்பத்தாறாம் பக்கம் கேட்டது. அவள் தேடி, எண்ணி, தட்டினாள். பூட்டு திறந்தது. அந்தப் பழைய எக்காளம் முழங்கியது. பழைய மின்னஞ்சல் கணக்கை நேற்றே தேடிப் பிடித்துவைத்திருந்தாள். அவர் கடைசியாக அனுப்பிய கோப்பு அதில் இருந்தது. முறை 211. பன்னிரண்டு வருடமாகத் திறக்காத கடிதம், தடித்த எழுத்தில். அந்தச் சமயத்தில்தான் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தது. வீட்டுக்குப் புதுக் கணினியும் வந்தது, அதில் இந்த ஆட்டம் ஓடவில்லை. முகத்தையே பார்க்கிறோமே, இனி டாங்கி எதற்கு என்று விட்டுவிட்டாள். முகம் தெரிய ஆரம்பித்ததும் அவர் "நல்லாருக்கேன், நீ?" என்பதோடு நிறுத்திக்கொண்டதை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோப்பைத் திறந்தாள். ஆட்டம் அவருடைய முறையை ஓட்டிக் காட்டியது. காட்டுக்குள்ளிருந்து ஒரு பச்சை டாங்கி வெளியே வந்து, அவளுடைய பீரங்கிகளுக்கு நேர் எதிரே வெட்டவெளியில் நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் காலாட்படை. ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய எட்டுப் படைகளும் வந்து ஒரே வரிசையில் நின்றன, கடைசியில் ஆயுதமே இல்லாத லாரி உட்பட. புத்தியுள்ள எந்தத் தளபதியும் செய்யாத காரியம். இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று நினைத்துக்கொண்டே முதல் டாங்கியைச் சொடுக்கினாள்.

"இஞ்சின்ல தீ."

அடுத்தது "எனக்கு ஒண்ணும்." அதற்கடுத்தது "ஆகல." நான்காவதில் கை நின்றது. "கொசு செத்துட்டான்." பிறகு "தூக்கம் வரல", "போன்ல சொல்ல", "முடியல." கடைசியில் லாரி. அதன் பெயர் "நீ பேசு."

கொசுவைப் பற்றி அவள் பிறகு ஒருமுறை கேட்டிருக்கிறாள். வேறு கப்பலுக்கு மாறிவிட்டான் என்றார். அதையும் நம்பினாள். அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் ஒருநாள் திரையில் அவர் முகம், பின்னால் ஏதோ துறைமுகத்தின் இரைச்சல். என் முறையைப் பார்த்தாயா என்று கேட்டார். மகளுக்குப் பரீட்சை, அடுப்பில் ஏதோ தீய்கிறது, புதுக் கணினியில் ஓடவில்லை என்று விளக்க நேரமில்லை. "ம், பாத்தேன், பாத்தேன்" என்று சொல்லிவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சரி என்றார். திரை உறைந்துவிட்டது என்று நினைத்து அவள் கணினியைத் தட்டியதுகூட நினைவிருக்கிறது.

படித்துவிட்டாள், படித்தும் ஒன்றும் சொல்லவில்லை என்றுதானே பன்னிரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருப்பார். அவள் அழுதாள். அழுதுகொண்டே திரையைப் பார்த்தாள். மூன்று பீரங்கி, எதிரே எட்டும் வரிசையில். சுட்டால் வாழ்க்கையில் முதல் வெற்றி. சுட்டால் அந்தப் பெயர்களும் ஒவ்வொன்றாக அழிந்துபோகும். அவள் பீரங்கிகளைக் குன்றிலிருந்து கீழே இறக்கினாள். மிச்சமிருந்த ஒரே டாங்கியையும் இறக்கினாள். நான்கையும் வெட்டவெளியில் அவருடைய வரிசைக்கு எதிரே நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தாள். "இப்ப பாத்தேன்." "பொய் சொன்னேன்." "கொசு பத்தி." "சொல்லுங்க." சேமித்து, ஆட்டத்தை மூடி, அவருக்காக மறுபடி திறந்து வைத்தாள்.

வாசல் கதவு சத்தமில்லாமல் திறந்தது. அவரே எண்ணெய் விட்ட கதவு. கழுத்தில் பவுடரும், காதோரம் ஒட்டியிருந்த முடித்துணுக்குமாக உள்ளே வந்தவர், திரையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

"உங்க முறைங்க" என்றாள். "இருநூத்திப் பதிமூணு."

அவர் செருப்போடு நாற்காலிவரை வந்தார்.

"இருநூத்திப் பதினொண்ண இன்னைக்குத்தான் பாத்தேன்."

"அன்னைக்குப் பாத்தேன்னு சொன்னியே."

"பாக்கலைங்க."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவள் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் கேள்வி நின்றது: பதினேழாம் பக்கம், இரண்டாம் வரி, ஐந்தாம் வார்த்தை. அது அவள் பாதியில் இல்லாத பக்கம். அவள் மூடித் திறந்து கொடுக்கலாம். கொடுக்கவில்லை. சட்டப்படி எழுந்து சமையலறைக்குப் போனாள்.

பாத்திரம் கழுவுகிற மாதிரி குழாயைத் திறந்தவள், உடனே மூடினாள். உள்ளறையில் அலமாரியின் மேலிருந்து பெட்டி இறங்கும் சத்தம். ஜிப். எதையோ துழாவும் சத்தம், வெகு நேரம். பிறகு கூடத்தில் காலடி, நாற்காலி இழுபடும் ஒலி, காகிதம் புரளும் ஒலி. அவரிடம் அந்தப் பாதி இருந்தது. இத்தனை கப்பல் மாறியும் வைத்திருந்திருக்கிறார். எக்காளம் முழங்கியது. மௌஸ் ஒருமுறை சொடுக்கியது. இரண்டு, மூன்று, நான்கு. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. டப்பாக்கள் உயர வாரியாக நின்றுகொண்டிருந்த அலமாரியில் சாய்ந்து அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். கூடத்தில் அவர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்.

பிறகு விசைப்பலகையில் ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பழைய ஒற்றை விரல்தான், அதே தேடல்தான். அவள் எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டில் நிற்கும் என்று காத்திருந்தாள்; நின்றது. கொஞ்சம் இடைவெளி விட்டு, அடுத்த படைக்குப் போனது விரல்.