தொட்டது தெரிந்த செல்

காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் பேசிவிட்டு விமானம் பிடிக்கப் போகும் வழியில் வினோதினி சுங்குவார்சத்திரத்தில் இறங்கினாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் ஷாரோன் காத்திருந்தாள். ஒருகாலத்தில் இருவரும் செல்போன் தொழிற்சாலையில் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஷாரோன் இப்போது ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசர். வினோதினி பெங்களூரில் உயிர் இயற்பியல் ஆராய்ச்சியாளர்.

"இன்னாடி, தலையெல்லாம் நரைச்சுப் போச்சு!" என்று ஷாரோன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீ வருவதற்குள் பழைய நாட்கள் வந்துவிட்டன. அப்போது வினோதினிக்கு, தயாரான போன்களின் பொத்தான்களை அழுத்திப் பார்க்கும் வேலை. எது சரியாக இறங்கவில்லை என்று விரல் சட்டென்று சொல்லிவிடும். விரலுக்கு அது எப்படித் தெரிகிறது? இதையே சாப்பாட்டு நேரத்திலும் கேட்டுக்கொண்டிருப்பாள். "சாம்பார் ஆறிப்போவுது, துன்னு மொதல்ல," என்று ஷாரோன் அதட்டுவாள். கடைசியில் அந்தக் கேள்விதான் வினோதினியை வேலையை விடவைத்து எம்.எஸ்ஸி.க்கு அனுப்பியது. ஷாரோன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏற்றிவிட வந்து அழுதாள்.

பிறகு ஆய்வகம். உயிருள்ள செல்லை மெல்லிய கண்ணாடி ஊசியால் தொட்டு, அந்த அழுத்தம் அதற்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்; தெரிந்தால் உள்ளே ஏற்றிய சாயம் பச்சையாக ஒளிரும். மெதுவாகத் தொட்டால் ஒன்றும் நடக்காது. சற்று அழுத்தினால் செல் கிழிந்து செத்துப்போகும். வருஷக்கணக்கில் இதுதான். கூடச் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஊசி பட்ட இடத்திலிருந்து பச்சை வெளிச்சம் செல் முழுக்கப் பரவியது.

முதலில் ஷாரோனுக்குத்தான் போன் செய்தாள்.

"செல்லுக்குத் தொட்டது தெரிஞ்சிடுச்சுடி!"

கேன்டீன் இரைச்சலில் ஷாரோன் கத்தினாள். "டச் போனா? எந்த மாடலு?"

அதற்குப் பிறகு பரிசுகள் வந்தன, சொந்த ஆய்வகம் வந்தது. அன்று நுண்ணோக்கி அறையில் தனியாக நின்று சிரித்த மாதிரி அவள் மறுபடி சிரித்ததில்லை.

"அந்த வெளிச்சத்த எனக்கு நீ காட்டவே இல்லியே," என்றாள் ஷாரோன், டீ கிளாஸை வைத்துவிட்டு.

வினோதினி அன்று எடுத்த வீடியோவைத் தன் போனில் போட்டுக் காட்டினாள். ஷாரோன் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"வலிக்குமா அதுக்கு?"

"வலியான்னு சொல்ல முடியாது. யாரோ தொட்டாங்கன்னு தெரியும். அவ்ளோதான்."

ஷாரோனை ஏற்றிக்கொள்ளக் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஷாரோன் நிமிர்ந்து பார்த்து, போகச் சொல்லிக் கையசைத்தாள்.

"லேட்டா வரேன்னு சொல்லிக்கிறேன். இன்னொரு தபா போடுடி."