பாக்கெட்டுக்குள் கை

வாடகைக்குப் பார்த்த பதினாறாவது வீட்டை மேஸ்திரியின் விரல்தான் கெடுத்தது.

இருக்கிற வீட்டை இடிக்கப்போகிறார்கள். இன்னும் பன்னிரண்டு நாளில் காலி செய்தாக வேண்டும். டைல்ஸ் பதிக்கிறவன் என்று சொன்ன இடத்திலெல்லாம், “குடும்பமா இருக்கிறவங்களுக்குத்தான் விடுவோம்” என்றார்கள், பெண்டாட்டி பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் நிற்கும்போதே. அதனால்தான் இன்று காலையில் புருஷனுக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டு, கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக் கூட்டிவந்திருந்தாள். யார் கேட்டாலும் கம்பெனி வேலை. அதற்குமேல் வாயைத் திறக்கக் கூடாது.

மகராசன் வாயைத் திறக்கவில்லைதான். வீட்டுக்காரர் சாவியை நீட்டுகிற நேரம் பார்த்து, தரையில் குந்தி உட்கார்ந்து விரல்முட்டியால் தட்டினான். டொக் டொக். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

“அடியில கலவை பிடிக்கல சார். உள்ள வெத்தா கிடக்கு. யார் போட்டது?”

நீட்டிய சாவி திரும்பப் பைக்குள் போனது. “ஓ, நீங்க இந்த வேலையா? வீடு உங்களுக்குச் சரிப்படாது. ஞாயித்துக்கிழமை வந்து இதை மட்டும் மாத்திக் கொடுத்துட்டுப் போயிடுங்க.”

தரை போட இவன் வேண்டுமாம், அந்தத் தரையில் படுக்க வேண்டாமாம். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதைவிட எரிந்தது, இவன் “சரி சார்” என்று தலையாட்டியபோது.

தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். “கைய வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாதா உங்களால?”

“நடக்கும்போதே காதுல விழுந்துச்சு. என்ன செய்யச் சொல்ற?”

“அடுத்த வீட்ல ரெண்டு கையும் பாக்கெட்லயே இருக்கணும். வெளிய வந்துச்சு, நான் பொல்லாதவளா ஆயிடுவேன்.”

பதினேழாவது வீடு மூன்றாம் மாடியில். வீட்டுக்கார அம்மா முன்னால் நடந்து அறை அறையாகக் காட்டினார். மேஸ்திரி கைகளைப் பாக்கெட்டில் புதைத்துக்கொண்டு, திருடிவிட்டு வந்தவன் போல ஒதுங்கி ஒதுங்கிப் போனான். சிமெண்ட் அரித்து ரேகை அழிந்துபோன கை. அது போட்ட தரையில் எத்தனை குடும்பம் நடமாடுகிறது. அதைப் போய் ஒளிக்கச் சொன்னது யார்? அவளேதான். இதுவரை ஊர்மேல் இருந்த ஆத்திரம் சட்டென்று அவள் மேலேயே திரும்பியது.

சமையலறை வாசலில் அவள் குதிகாலுக்குக் கீழே டொக் என்றது. பதினோரு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்திய காது, தப்பவில்லை. அவனுக்கும் கேட்டுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான்.

“உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கிறாரு?” என்று அந்த அம்மா கேட்டார்.

கம்பெனி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே குந்தி உட்கார்ந்தாள். விரலை மடக்கித் தட்டினாள்.

“டைல்ஸ் பதிக்கிறார். இது உள்ள வெத்தா இருக்கும்மா, நீங்களே கேளுங்க. எங்களுக்கு வீடு விட்டா, வந்த அன்னைக்கே சரி பண்ணிடுவார். வீடு இல்ல, வேலைக்கு மட்டும் வான்னா, வர மாட்டார்.”

அவள் அந்த அம்மாவின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள்.

“கைய வெளிய எடுங்க.”